கேட்காத காதில் கேட்ட சத்தம்

"காதுல எதையும் போடாதீங்க" என்று ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டு போனவள் நான். போன மாதம் எனக்கே வலது காது அடைத்துக்கொண்டது. தலைக்குக் குளித்துவிட்டு வந்து துவட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே குபுக்கென்று ஏதோ நகர்ந்தது, அவ்வளவுதான். அடுப்பில் இருந்த குக்கரின் விசில் அடுத்த தெருவில் அடிப்பதுபோலக் கேட்டது. என் குரலே குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவது மாதிரி இருந்தது.

காது அழுக்குதான், அந்தக் குறும்பி தண்ணீர் பட்டு ஊறி உப்பியிருக்கிறது என்று புத்திக்குத் தெரிகிறது. மனசு கேட்டால்தானே? நரம்பு போய்விட்டதோ, இனி மிஷினை மாட்டிக்கொண்டு, எதிரில் இருப்பவர் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதானோ என்று வீட்டில் யாரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் திண்டாடினேன். பொறுக்க முடியாமல், நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அதே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், காது மூக்கு தொண்டைப் பிரிவில் மற்றவர்களோடு வரிசையில் உட்கார்ந்தேன்.

என்னிடம் வேலை பழகிய ரேவதிதான் இப்போது அங்கே பொறுப்பு. இப்போதெல்லாம் காதுக்குள் கேமரா விடுகிறார்கள். உள்ளே இருப்பது டிவியில் பெரிதாகத் தெரிகிறது. "பாருங்க சிஸ்டர், ரிட்டயர் ஆனப்புறம் எவ்ளோ சேத்து வெச்சிக்கினு இருக்கீங்க!" என்று கேலி பேசிக்கொண்டே உறிஞ்சி எடுத்துவிட்டாள். சட்டென்று காது திறந்தது. வெளியே ஆட்டோ ஹாரன், டோக்கன் கூப்பிடும் சத்தம், யாரோ ஒரு குழந்தை வீறிட்டு அழுவது எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன. அந்த இரைச்சலைக் கேட்டு எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அசடு மாதிரி சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

பயிற்சிக்கு வந்திருந்த பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "கேமரா இல்லாதப்போ எப்பிடி மேடம் கண்டுபிடிச்சீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். "அந்தப் பட்டு கேஸைச் சொல்லுங்க சிஸ்டர்" என்றாள் ரேவதி. பாதி சொல்வதற்குள் அடுத்த நோயாளி வந்துவிட்டார். இந்தக் கட்டுரை அந்தப் பெண்களுக்காகத்தான்.

நர்சிங் படிப்பு, முதல் போஸ்டிங், காய்ச்சல் வார்டு, பிரசவ வார்டு எல்லாவற்றையும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். நின்றேன். காது மூக்கு தொண்டைக்கு மாற்றல் ஆன பிறகுதான் உட்கார்ந்தேன். நோயாளியின் காதுக்கு நேராக நம் கண் வரவேண்டுமென்றால் உட்காரத்தான் வேண்டும். "பொழைச்சே போ" என்று கூட இருந்தவர்கள் பொறாமைப்பட்டார்கள். இந்த ஊர் ஜனங்கள் காதுக்குள் என்னவெல்லாம் விடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது.

கொண்டை ஊசி, வண்டிச் சாவி, கோழி இறகு, காய்ச்சின பூண்டு எண்ணெய். முசரவாக்கத்திலிருந்து ஒரு பெரியவர் காதில் பூச்சி புகுந்துவிட்டது என்று துள்ளிக்கொண்டே வந்தார். அதை வெளியே இழுப்பதற்காக டார்ச் அடித்து, ஊதுபத்திப் புகை காட்டி, கடைசியில் மருமகனின் காந்தத்தைக்கூட வைத்துப் பார்த்திருக்கிறார். "பூச்சி இன்னா இரும்பாலயா செஞ்சிருக்குது?" என்று கேட்டேன். ஏனாத்தூரில் படிக்கும் பையன் ஒருவன், இயர்போன் முனையில் இருக்கும் ரப்பர் கழன்று உள்ளேயே தங்கிவிட்டது தெரியாமல், நரம்புத் தளர்ச்சி என்று தானே முடிவு செய்து அழுதுகொண்டு வந்தான். எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்ததும் என் காலைத் தொடக் குனிந்துவிட்டான்.

எனக்கு மேலே இருந்தவர் டாக்டர் சிவஞானம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எத்தனை வருஷம் காஞ்சிபுரத்தில் இருந்தும் அவர் பேச்சில் ஓர் எழுத்துகூட நம் ஊர்ப் பக்கம் சாயவில்லை. ஆண் நோயாளிகள் எல்லோரும் அவருக்கு அண்ணாச்சிதான். நெசவாளர்கள் முதலில் திருதிருவென்று விழிப்பார்கள், அப்புறம் பழகிவிடும்.

காது கேட்காதவர்களிடம் மற்றவர்கள் கத்துவார்கள். அவர் கத்தவே மாட்டார். நாற்காலியை முகத்துக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டு, ஜன்னல் வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி உட்கார்ந்து, நிறுத்தி நிதானமாகப் பேசுவார். "கத்துனா நம்ம மூஞ்சி கோணிரும் சிஸ்டர். அவங்க பாதி நம்ம மூஞ்சியப் பாத்துதான் கேக்காங்க" என்பார். இன்னொரு பழக்கமும் உண்டு. ஒரே கேள்வியை மூன்று தடவை, மூன்று விதமாகக் கேட்பார். "மறுபடியும் கேக்கேன், கோவிச்சுக்கப்படாது" என்று ஆரம்பிப்பார். வெளியே நூறு பேர் வரிசையில் நிற்கும்போது அவர் இப்படி ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சொல்ல முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

காது கழுவுவதை அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த விதத்தையும் எழுதிவிடுகிறேன். தண்ணீர் உடம்புச் சூட்டில் இருக்கவேண்டும். கொஞ்சம் குளிர்ந்தாலும் சுட்டாலும் ஆளுக்குத் தலை கிறுகிறுத்துவிடும். சிரிஞ்சில் எடுத்து முதலில் என் மணிக்கட்டில் விட்டுப் பார்ப்பேன். சூடும் தெரியக்கூடாது, குளிர்ச்சியும் தெரியக்கூடாது. காதுக்குக் கீழே வளைந்த தட்டை நோயாளியையே பிடித்துக்கொள்ளச் சொல்லவேண்டும். கைக்கு ஒரு வேலை இருந்தால் பயம் குறையும். பெரியவர்களுக்குக் காது மடலை மேலேயும் பின்னேயும் இழுத்தால் உள்ளே இருக்கும் வளைவு நேராகும். தண்ணீரை நேராகச் சவ்வின்மேல் அடிக்கவே கூடாது. மேல் சுவரில் பட்டு, சுற்றிக்கொண்டு வந்து, குறும்பியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரவேண்டும். இதற்கெல்லாம் முன்னால், காதில் சீழ் வந்திருக்கிறதா, சவ்வில் ஓட்டை உண்டா என்று பார்த்தாகவேண்டும். பார்க்காமல் சிரிஞ்சைத் தொட்டால் டாக்டர் என்னை சிஸ்டர் என்று கூப்பிடமாட்டார். "அம்மா நர்ஸம்மா" என்பார். அதுதான் அவர் திட்டுவது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம், பங்குனி உற்சவத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, ஏகாம்பரமும் அவர் மனைவி சாந்தியும் வந்தார்கள். பெரிய காஞ்சிபுரத்தில் வீட்டிலேயே தறி. உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு ஒரு நிறமுமாக நெய்யும் கோர்வைச் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். இவர் நெய்வார், இவருடைய இடப்பக்கம் உட்கார்ந்து சாந்தி கரைக்குக் குறுக்கு நூல் ஓட்டும் நாடாவைப் போடுவாள்.

"நூல் அறுந்துச்சு, நில்லுங்கன்னு கத்திக்கினே இருக்கேன் சிஸ்டர், இவரு பாட்டுக்கு அடிச்சிக்கினே போறாரு. மூணு விரக்கடை பிரிக்கவேண்டியதா பூட்ச்சு. வேணும்னே பண்றாருன்னு நானும் சண்டை போட்டேன். அப்புறந்தான் தெரிஞ்சிது, இந்தப் பக்கம் சுத்தமா கேக்கல."

ஏகாம்பரம் நாற்பதைத் தாண்டியவர். நல்ல தோள். இடது தோளில் கறுத்துக் காய்த்த ஒரு மேடு இருந்தது. எங்கள் ஊரில் அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும், சாமி தூக்குகிறவர். உற்சவத்தில் வாகனத்தைத் தாங்கும் இடது தண்டில் முன் ஆள் அவர். முன்னால் நின்று குரல் கொடுப்பவர் "நில்லு", "இறக்கு", "திரும்பு" என்று சொல்லச் சொல்ல அத்தனை பேரும் ஒரே நேரத்தில் செய்யவேண்டும். ஒருவருக்குக் கேட்கவில்லையென்றால் வாகனம் சாய்ந்துவிடும். மேலே சாமி, கீழே ஆட்கள்.

"இந்த வருசம் நானே எடத்த வுட்டுடறேன்னு சொல்லிடலாம்னு இருக்கேன் டாக்டர். இன்னொருத்தன் சொல்லி வுடறதுக்கு முன்னாடி" என்றார். சொல்லும்போதே குரல் உடைந்தது. "எங்க நைனாவுக்கும் இப்பிடித்தான் ஆச்சு. எங்க வம்சமே இப்பிடித்தான் போல."

டாக்டர் நெற்றிக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு உள்ளே பார்த்தார். வழக்கமாக "ஹ்ம், குறும்பி" என்று உடனே சொல்லிவிடுவார். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்க்கச் சொன்னார். இருட்டுச் சிவப்பில், ஈரமாக மினுங்கிக்கொண்டு, துவாரம் முழுவதையும் அடைத்தபடி ஏதோ ஒன்று மொட்டு மாதிரி உட்கார்ந்திருந்தது.

"காதுல ஏதாவது போட்டியளா அண்ணாச்சி?"

"ஒண்ணும் போடலீங்க."

டாக்டர் இசைக்கவையை எடுத்தார். கவட்டை மாதிரி இரண்டு கால் உள்ள இரும்புக் கருவி அது. தட்டினால் ஒரே சுருதியில் பாடும். தட்டி, அதன் காம்பை ஏகாம்பரத்தின் நடுநெற்றியில் வைத்தார். "எந்தக் காதுல கேக்கு?"

ஏகாம்பரம் கொஞ்சம் தயங்கினார். "வலதுல" என்றார். நல்ல காதில்.

டாக்டரின் முகம் இன்னும் இறுகியது. பயிற்சிப் பெண்களுக்காகச் சொல்கிறேன். காது வழியில் வெறும் அடைப்பு மட்டும் இருந்தால், நெற்றியில் வைத்த சத்தம் அடைத்த காதில்தான் பலமாகக் கேட்கும். நல்ல காதில் கேட்டால் உள்ளே நரம்பு கெட்டிருக்கலாம் என்று அர்த்தம். சிவப்பாக ஒரு வளர்ச்சி, கூடவே நரம்பும் போயிருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் சாதாரண விஷயம் இல்லை.

நான் இடுக்கியை எடுத்துவைக்கக் கை நீட்டினேன். "வேண்டாம் சிஸ்டர். செவப்பா எதைப் பாத்தாலும் நம்ம கை பின்னால போயிரணும். ரத்தக் கட்டியா இருந்தா தொட்ட நேரத்துல கொட்டிரும்" என்றார். அவர்களிடம் திரும்பி, "மெட்ராஸ்ல ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டி வரலாம். இப்பம் போவண்டாம். ஓ.பி. முடியட்டும், இருங்க, மறுபடியும் பாக்கேன்" என்றார்.

ஸ்கேன் என்ற சொல் சாந்தியின் காதில் என்னவாகப் போய் விழுந்தது என்று அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். ஏகாம்பரம் அவளைத் தன் நல்ல காதுப் பக்கம் வைத்து உட்கார்ந்து, "அழுவாத, பாக்கறாங்க பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். இரண்டு பேரும் தொடவில்லை.

இடையில் எழுந்து போய்க் கொஞ்ச நேரம் அவளோடு உட்கார்ந்தேன். அவள் மாமனாரைப் பற்றிச் சொன்னாள். அந்தக் காலத்தில் வாகனத்துக்குக் குரல் கொடுத்தவரே அவர்தானாம். "மாமா நில்லுன்னு சொன்னா தெருவே நிக்குமாம் சிஸ்டர். காது பூட்டப்புறம் கோவில் பக்கமே போறதில்ல. வூட்லயும் பேசறதில்ல. செவுத்தப் பாத்துக்கினு நூல் சுத்திக்கினு இருப்பாரு. சாப்பாடு தட்ட வெச்சா சாப்புடுவாரு. இவருக்கும் அப்பிடி ஆயிடும்னுதான் இவருக்குப் பயம். தண்டுகூட அப்புறம் சிஸ்டர். அந்தச் செவுறுதான்."

"எங்க டாக்டரு ஒரு தடவ பாத்துட்டு வுட்றவரு இல்லமா" என்று மட்டும் சொன்னேன்.

கூட்டம் கலைந்ததும் டாக்டர் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். நாற்காலியை நேராக இழுத்துப் போட்டார். மறுபடியும் இசைக்கவையை எடுத்தார்.

"அண்ணாச்சி, மறுபடியும் கேக்கேன், கோவிச்சுக்கப்படாது. எந்தக் காதுல கேக்கணும்னு நீங்க நெனைக்கியளோ அதச் சொல்ல வேண்டாம். எதுல கேக்கோ அத மட்டும் சொல்லுங்க. சரியோ தப்போ, கிறுக்குத்தனமா தெரிஞ்சாலும் பரவாயில்ல."

தட்டி நெற்றியில் வைத்தார். ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் கண்ணைத் திறந்து, திருட்டு மாம்பழம் தின்றவர் மாதிரி மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சொன்னா சிரிப்பீங்க."

"சிரிக்க மாட்டேன்."

"செவுட்டுக் காதுலதாங்க கேக்குது. நல்லா, கோவில் மணியாட்டம். அப்பவே அதுலதான் கேட்டுச்சு. செவுட்டுக் காது எப்பிடிக் கேக்கும், நம்ம புத்திதான் பேதலிச்சுப் போச்சுன்னு நெனச்சு மாத்திச் சொல்லிட்டேன்."

டாக்டர் சிரிக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். நான் அவரிடம் அவ்வளவு பெரிய சிரிப்பைப் பார்த்ததே இல்லை. "அண்ணாச்சி! உங்க நரம்பு உசுரோட இருக்கு. வாசல்லதான் யாரோ குறுக்க படுத்துக் கிடக்கான்" என்றார். காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தும், காதுக்கு வெளியே பிடித்தும் மறுபடி சோதித்தார். எல்லாம் ஒன்றையே சொன்னது, அடைப்பு.

ஆனால் அந்தச் சிவப்பு அங்கேயேதான் இருந்தது. "காதுல எப்பமாவது பஞ்சு, துணி, மருந்து..."

"சாமி சத்தியமா எதுவும் போடலீங்க."

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். பிறகு சாந்தியைப் பார்த்துக் கேள்வியை மாற்றிக் கேட்டார். "ஏம்மா, இவரு எப்பமாவது காத மூடிக்கிடுவாரா? எங்க, எதுக்கு?"

"சாமி தூக்கும்போது மட்டும் மூடிப்பாரு" என்றாள் சாந்தி, இதிலென்ன இருக்கிறது என்பது போல. "எல்லாருந்தான் மூடிப்பாங்க. பக்கத்துலயே வேட்டு போடறாங்க. இப்போ கயிலாய வாத்தியம்னு இம்மாம் பெரிய கொட்டு வேற, இவரு எடது காதாண்டயே அடிச்சிக்கினு வருது."

"எத வெச்சு மூடுவாரு? பஞ்சா?"

"எங்க வூட்ல பஞ்சு எங்கங்க இருக்குது? பட்டுதான். தறியில மிஞ்சின கழிவுப் பட்டத் திருகி வெச்சிப்பாரு."

சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ! போன வருசம் உற்சவத்தப்போ தறியில அரக்குச் சேலைங்க ஓடிக்கினு இருந்துச்சு!"

அரக்கு என்றால் எங்கள் ஊரில் அந்த இருட்டுச் சிவப்புதான். ஏகாம்பரம் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். அவர் பொய் சொல்லவில்லை. காதில் எதையாவது போடுவது வேறு, சாமி தூக்கக் காதை மூடுவது வேறு. அவரைப் பொறுத்தவரை தோளில் துணி மடித்துப் போடுவது மாதிரி அதுவும் ஒரு ஏற்பாடு. பஞ்சு என்றால் பாதி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். பட்டு வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். உற்சவம் முடிந்த களைப்பில் வெளியே தெரிந்ததை மட்டும் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறார். மிஞ்சினதைச் சுற்றிக் குறும்பி சேர்ந்து, மாதக்கணக்கில் ஊறி, ஒரு வருஷத்தில் வழியையே அடைத்துவிட்டது.

சொட்டு மருந்து விட்டு ஊறவைத்தோம். டாக்டர் மெல்லிய ஆய்வுக் கம்பியால் ஓரத்தை நெருடிப் பார்த்தார், ரத்தம் வரவில்லை, துடிப்பும் இல்லை. அதன் பிறகுதான் முதலை வாய் மாதிரி முனை உள்ள சின்ன இடுக்கியை உள்ளே விட்டார். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். ஓர் இழை வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

"மெள்ள டாக்டர், அறுந்துடப் போவுது" என்றேன்.

"அறுந்துடாதுமா" என்றார் ஏகாம்பரம், தலையை அசைக்காமல். "அசல் பட்டு."

வலியிலும் அந்த மனுஷனுக்கு அதில் ஒரு பெருமை! சாந்தி அழுகையும் சிரிப்புமாக மூக்கை உறிஞ்சினாள். கடைசியில் சுண்டைக்காய் அளவுக்கு ஓர் உருண்டை தட்டில் விழுந்தது. டாக்டர் உள்ளே பார்த்தார். வழியின் தோல் புண்ணாகிச் சிவந்திருந்தது, சவ்வு முழுசாக இருந்தது. மிச்சம் இருந்த குறும்பியைத் துடைத்து எடுத்துவிட்டு, "கழுவல் இன்னொரு நாள் வச்சுக்கிடுவோம், புண்ணு ஆறட்டும்" என்றார்.

ஏகாம்பரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு இடப்பக்கம் திரும்பி, "ஏன் சாந்தி இன்னும் மூக்க உறிஞ்சிக்கினு இருக்க? அதான் சரியாப் பூட்ச்சே" என்றார். அவள் நின்றுகொண்டிருந்தது அவருடைய இடப்பக்கம். அது எனக்கு அடுத்த நொடிதான் உறைத்தது. அப்புறம் நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

புண் ஆறிய பிறகு கேட்கும் சக்தியை அளந்து பார்த்தோம். வேட்டாலும் கொட்டாலும் இரண்டு காதிலும் மெல்லிய சத்தங்கள் கேட்பது கொஞ்சம் குறைந்திருந்தது. அது திரும்பாது, ஆனால் தறிக்கும் தண்டுக்கும் தாராளமாகப் போதும். "தூக்கலாமா டாக்டர்?" என்று கேட்டார். "தாராளமாத் தூக்குங்க. காத மூடாமத் தூக்குனா மட்டும் நான் கோவிச்சுக்கிடுவேன்" என்று, கடையில் விற்கும் மெத்தென்ற காதடைப்பானை எப்படி உருட்டி வைப்பது, எப்படி எடுப்பது என்று அவரே செய்து காட்டினார்.

கதை இதோடு முடிந்திருந்தால் நல்ல கேஸ் என்று மறந்துபோயிருப்பேன். கதவுவரை போன சாந்தி அங்கேயே நின்றுவிட்டாள்.

"சிஸ்டர்... மாமாவும் பட்டுதான் வெப்பாரு."

ஏகாம்பரம் அப்படியே சுவரில் சாய்ந்தார்.

மறுநாளே பெரியவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். எழுபதைத் தாண்டியவர். எங்கே கூட்டிப்போகிறார்கள் என்றுகூடக் கேட்காமல் வந்து உட்கார்ந்தார். டாக்டர் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, "வணக்கம் அண்ணாச்சி" என்றார். அவர் கும்பிட்டார், வாய் திறக்கவில்லை. இரண்டு காதிலும் குறும்பி கல்லாக இறுகியிருந்தது. ஒரு வாரம் மருந்து விட்டு ஊறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க முடிந்தது. வலது காதில் வெறும் குறும்பி. இடது காதில் அதன் நடுவே ஒரு பட்டு உருண்டை. கறுத்துப்போயிருந்தது. எந்தச் சேலையின் நிறம் என்று சாந்தியாலும் சொல்ல முடியவில்லை.

கடைசித் துணுக்கு தட்டில் விழுந்ததும் பெரியவர் மேலே அண்ணாந்து பார்த்தார். நாங்கள் எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இந்த ஃபேன் ஏன் இப்பிடிக் கத்துது? எண்ணெ வுடக்கூடாதா?" என்றார்.

ஏகாம்பரம் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார். பெரிய தோள்கள் குலுங்கக் குலுங்க அழுதார். "வயசாயிடுச்சு, அப்பிடித்தான்னு நெனச்சி வுட்டுட்டோம் சிஸ்டர். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு யாராவது பாத்திருந்தா..." என்றார். எனக்கும் கோபம்தான் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம். டாக்டர் அவர் தோளைத் தட்டி, "இப்பமாவது கூட்டி வந்தியள்லா அண்ணாச்சி" என்றார். பெரியவருக்கு நரம்பும் வயதுக்குத் தகுந்தபடி தளர்ந்துதான் இருந்தது. எல்லாம் திரும்பவில்லை. எதிரில் பேசினால் இடது காதில் கேட்டது, அவ்வளவுதான். அந்த அவ்வளவை வைத்துக்கொண்டே வீட்டுக்குப் போகும்வரை ஆட்டோக்காரரோடு கூலிக்குச் சண்டை பிடித்தாராம். சாந்தி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

உற்சவத்தன்று என்னை வரச்சொல்லி சாந்தியே வந்து அழைத்தாள். சாயங்காலப் புறப்பாட்டுக்குப் போனேன். தெருமுனையில் ஒரு கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பெரியவரை உட்காரவைத்திருந்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன். வேட்டும் கொட்டும் நெருங்க நெருங்க, "சத்தம் அதிகமா இருக்கும்யா, காத மூடிக்குங்க" என்று பஞ்சை நீட்டினேன். என் கையைத் தள்ளிவிட்டார்.

வாகனம் அசைந்து அசைந்து வந்தது. இடது தண்டில் முன்னால் ஏகாம்பரம். இரண்டு காதிலும் ஆரஞ்சு நிற அடைப்பான், ஒன்று உள்ளேயே தங்கிவிடக் கூடாதென்று இரண்டையும் ஓர் அரக்குப் பட்டு இழையால் சாந்தி கோத்துக் கட்டியிருந்தாள். அது அவர் பிடரியில் தொங்கியது. முனையில் திரும்பவேண்டிய இடம். முன்னால் நின்றவர் குரல் கொடுத்தார். நாள் முழுக்கக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. கொட்டுச் சத்தத்தில் அது எங்களுக்கே எட்டவில்லை. இடது தண்டு நேராகக் கடையின் பந்தல் காலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

பெரியவர் எழுந்து நின்றார். "எடது... நில்லு!"

அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. பக்கத்தில் நின்ற எனக்கே காது அடைத்துப் போனது. இடது தண்டு நின்றது. "வலது... வா... வா... மெள்ள... திரும்பு!" வலது தண்டு வந்தது. வாகனம் பந்தல் காலுக்கு ஒரு சாண் தள்ளி, அலுங்காமல் திரும்பியது. கூட்டம் ஓவென்று கத்தியது. முன்னால் நின்றவர் இரண்டு கையையும் தூக்கிப் பெரியவரைக் கும்பிட்டார்.

அடுத்த மண்டபத்தில் இறக்கி வைத்ததும் ஏகாம்பரம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வியர்வை வழிந்துகொண்டிருந்தது. பெரியவர் மகனின் காதிலிருந்த ஆரஞ்சு அடைப்பானை எட்டித் தொட்டுப் பார்த்தார்.

"ஏன்டா, இத்த வெச்சிக்கினும் கேட்டுச்சா?"

ஏகாம்பரம் கத்தவில்லை. தறியில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற குரலில்தான் சொன்னார்.

"கேட்டுச்சு நைனா."

பெரியவர் தலையை ஆட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.